நூறு சதவீத வாசகர்

“உங்க பேருக்கு நேரா மட்டும் சைபர் காட்டுது,” என்றார் இயக்குநர், மேசைத் திரையைத் திருப்பி வைத்து.

தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சைபர்தான். துடைத்ததில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

காகிதம் செய்து விற்கிற கம்பெனி அது. அதன் இயக்குநர் ஒரு நாவல் எழுதி, ஒரு தாள் காகிதம்கூடச் செலவழிக்காமல் மின்னூலாக வெளியிட்டார். பெயர் ‘நதியோடு நானூறு நாள்’. அறுநூற்று நாற்பது பக்கம். அலுவலர்கள் பதினான்கு பேருக்கும் ஆளுக்கொரு மின்னூல் கருவி வாங்கி, நாவலையும் உள்ளே ஏற்றிக் கொடுத்தார். அன்பளிப்பாக்கும் என்று எல்லாரும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டார்கள். யார் எத்தனை சதவீதம் படித்திருக்கிறார்கள் என்பது மணிக்கொரு தரம் அவர் அறைத் திரையில் வந்து விழும் என்ற விஷயம் பிறகுதான் தெரிந்தது.

“காசாளர் எழுபத்திரண்டு. கொள்முதல் அதிகாரி எண்பத்தொண்ணு. நீங்க சைபர்.”

“நான் எதையும் நிதானமா ரசிச்சுப் படிக்கறவன் சார்.”

“சைபர்ங்கறது நிதானம் இல்ல. நீங்க அட்டையையே இன்னும் ரசிக்கலைன்னு அர்த்தம்.” இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வெள்ளிக்கிழமை நாவலுக்குப் பாராட்டு விழா. அது முடிஞ்சதும் ரெண்டு நியமனம் போடப் போறேன். ஒண்ணு துணை மேலாளர். இன்னொண்ணு கீழே, பழைய கோப்பு அறைக்கு.”

தலைமை எழுத்தரின் பார்வை தானாகத் தரைக்குப் போனது.

பழைய கோப்பு அறை நிலவறையில் இருந்தது. இயக்குநரின் ஆண்டு விழா உரையின்போது கொட்டாவி விட்ட முன்னாள் கணக்கு அதிகாரி ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறார். மேலே சத்தம் அடங்கும்போது, தரைக்கு அடியிலிருந்து அவர் இருமுவது கேட்கும். தலைமை எழுத்தருக்கோ தூசி என்றாலே ஆகாது. ஒரு கோப்பைத் தட்டினால் நாற்பது தும்மல் நிச்சயம். கீழே பதினோராயிரம் கோப்புகள் இருந்தன. ஓய்வு பெற மீதமிருந்த மூன்று வருஷத்தையும் தும்மியே கழித்துவிட வேண்டியதுதான்.

இருக்கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கருவியைத் திறந்தார். அட்டை நன்றாகத்தான் இருந்தது. ஒரு நதி, நதியைவிட அகலமாக இயக்குநரின் முகம். பக்கத்தைத் திருப்பினார்.

தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. டாலர் குறி, கேள்விக்குறி, தலையில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்து, நடுநடுவே காலிக் கட்டம். அடுத்த பக்கமும் அப்படியே. இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தார். அங்கே தொப்பிகள் இன்னும் அதிகம்.

காசாளரின் மேசைக்குப் போனார்.

“நாவல் எப்படி இருக்கு?”

காசாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். “ஆழம்.”

“புரியுதா?”

“எல்லாருக்கும் புரியாது,” என்றார் காசாளர், சீண்டப்பட்டவர்போல. “மூணாவது அத்தியாயத்துக்கு மேலதான் பிடிபட ஆரம்பிக்கும்.”

பக்கத்து மேசையிலிருந்து கொள்முதல் அதிகாரி தலையை நீட்டினார். “நடை கொஞ்சம் கரடுமுரடு. ஆனா உலகம் பூரா இப்போ அப்படித்தானே எழுதறாங்க.”

ஆக, தன் கருவியில் மட்டும்தான் கோளாறு. வெளியே சொன்னால் கம்பெனி சொத்தை மூன்றே நாளில் கெடுத்தவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். தலைமை எழுத்தர் பூனை நடையில் தட்டச்சு அம்மாவிடம் போனார்.

அந்த அம்மா பத்தொன்பது வருஷமாக இயக்குநருக்குத் தட்டச்சு செய்கிறவர். அவருடைய கடிதம், மேடைப் பேச்சு, இரங்கல் செய்தி, சொந்த மனைவிக்கு அவர் அனுப்பும் திருமண நாள் வாழ்த்து வரை எல்லாம் அந்த மூலைக் கம்ப்யூட்டரிலிருந்துதான் வரும். கம்ப்யூட்டருக்கும் கிட்டத்தட்ட அதே வயசு.

“அம்மா, நாவலை டைப் அடிச்சது நீங்கதானே? எழுத்தெல்லாம் சரியா வந்திருக்கா?”

“என் கம்ப்யூட்டர்ல முத்து முத்தா இருக்கு சார். பழைய ஃபான்ட். வேற இடத்துல எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாது. ஆனா பதிமூணு பேர் படிச்சிட்டிருக்காங்களே, ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லலையே.”

“கதையாவது ரெண்டு வரியில சொல்லுங்களேன்.”

“கதையைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்தே வாங்கியிருக்கார் சார்.” அந்த அம்மா விசைப்பலகைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று மாலை பஸ்ஸில் கருவியைக் குடைந்துகொண்டிருந்தபோது காது படம் போட்ட ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. அழுத்தினார். படித்துக் காட்டும் வசதி அது. கணீரென்ற பெண் குரல் ஒன்று பஸ் முழுவதற்கும் கேட்கும்படி நாவலை வாசிக்கத் தொடங்கியது.

“டாலர். தொப்பி ஏ. ஐந்து. கேள்விக்குறி. தொப்பி ஓ. நட்சத்திரம்.”

நிறுத்தும் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. தேடித்தேடித் தட்டியதில் சத்தம் இரண்டு மடங்கானது. முன் இருக்கைக்காரர் திரும்பினார்.

“சார், பாஸ்வேர்டை இப்படியா ஊருக்கே சொல்வாங்க?”

“இது பாஸ்வேர்ட் இல்லீங்க. நாவல்.”

முன் இருக்கைக்காரர் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினனை வரவழைத்தார்கள். மச்சினனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கே நாற்காலி வாங்கும் பிரிவில் இருந்தான் என்றாலும் குடும்பத்தில் அந்த நுணுக்கத்தை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

“இது ஃபார்மட் பிரச்சனை அத்தான். கன்வெர்ட் பண்ணினா முடிஞ்சுது.”

ஒரு மென்பொருளை இறக்கி மாற்றினான். டாலரும் தொப்பியும் மறைந்தன. கூடவே எல்லாம் மறைந்து முற்றுப்புள்ளி மட்டும் மிஞ்சியது. அறுநூற்று நாற்பது பக்கமும் முற்றுப்புள்ளி.

“பாத்தீங்களா, பாதி சரியாயிடுச்சு,” என்றான்.

இரண்டாவது மென்பொருளில் தமிழே வந்துவிட்டது. ஆனால் கொம்பு எல்லாம் ஒரு பக்கத்திலும் கால் எல்லாம் வேறு பக்கத்திலும் போய்க் குவிந்துகொண்டன. மூன்றாவதை இறக்கினான். இந்தத் தடவை பக்கத்துக்கு ஓர் எழுத்து வந்தது. ஒரே ஓர் எழுத்து, சுவர்க் கடிகாரம் அளவுக்கு. கீழே மூலையில் மொத்தப் பக்கம் ஒன்பது லட்சத்துச் சொச்சம் என்று காட்டியது.

“கொஞ்சம் பெரிசா வந்துடுச்சு. உங்க கண்ணுக்கு நல்லதுதானே அத்தான்.”

அதே நேரம் கருவியில் ஓர் அறிவிப்பு குதித்தது. ‘நீங்கள் இப்போது 0.0001 சதவீதத்தில் இருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியர் கவலைப்படுகிறார்.’

“முந்தி வெறும் சைபர், இப்போ பின்னால ஒரு ஒண்ணு இருக்கு பாருங்க. முன்னேத்தம்தான்,” என்ற மச்சினன், பழைய கோப்பையே திரும்ப ஏற்றிவைத்துவிட்டு, அவசரமாக ஒரு நாற்காலி விஷயம் நினைவுக்கு வந்தவன்போலக் கிளம்பிப் போனான்.

தலைமை எழுத்தர் இப்போதே நாலைந்து தும்மல் தும்மிப் பழகிக்கொண்டார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“ஏங்க, படிச்சாத்தான் சதவீதம் ஏறுமா, பக்கத்தைத் திருப்பினாலே ஏறுமா?”

இருபத்தாறு வருஷத்தில் அவள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறாள். ஒன்றுக்குக்கூட அவர் இப்படி ஓடிப்போய்க் கருவியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்ததில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தாள். கண் சீரியலில் இருந்தது. கட்டை விரல் நாவலில் ஓடியது. சீரியலில் நாத்தனார் ஒருத்தி பத்திரத்தைத் திருடினாள், மருந்தை மாற்றி வைத்தாள், கதவைப் பூட்டினாள். அவள் அக்கிரமம் செய்யும்போதெல்லாம் மனைவியின் விரல் திரையை நசுக்கிப் பிடித்தது. சீரியல் முடிவதற்குள் நாவல் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு நிமிஷம். நூறு சதவீதம்.

“பாவி. கடைசி வரைக்கும் மாட்டவே இல்ல,” என்று பெருமூச்சு விட்டாள் மனைவி.

“நாவல்லயா?”

“சீரியல்ல.”

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். தலைமை எழுத்தர் போய் நின்றார். முப்பத்தெட்டு நிமிஷத்தில் அறுநூற்று நாற்பது பக்கம் என்பது எந்தத் திரையிலும் அசிங்கமாகத்தான் தெரியும்.

“ரெண்டு மணிக்கு எடுத்திருக்கீங்க. மூணு மணிக்குள்ள முடிச்சிருக்கீங்க,” என்றார் இயக்குநர்.

“சார், அது வந்து...”

“கீழ வைக்க முடியல, இல்ல?”

“முடியல சார்.”

“இருநூத்துப் பதினாறு இடத்துல அடிக்கோடு போட்டிருக்கீங்க.” இயக்குநர் திரையைத் தடவிக்கொடுத்தார். “ரெண்டாம் பாகத்துக்கு முன்னால ஒரு காலிப் பக்கம் வருமே, அதுல புக்மார்க் வெச்சிருக்கீங்க. அந்த மௌனம் புரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். விழாவுல முக்கியப் பேச்சு உங்களோடது. கடைசி அத்தியாயத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசணும்.”

சைபரில் இருந்தபோது பேசாமல் இருக்கும் உரிமையாவது இருந்தது.

நாலு நாள் யோசித்தார். கையில் இருந்தது தலைப்பு மட்டும். நதி என்று ஒன்று இருந்தால் அதில் ஓடம் இருக்கும். ஓடம் இருந்தால் ஓடக்காரர் இருப்பார். நாவலில் வருகிற ஓடக்காரர் எப்படியும் வயசானவராகத்தான் இருப்பார். வயசான ஓடக்காரர் கடைசி அத்தியாயத்தில் சாகாமல் வேறு என்ன செய்வார்?

வெள்ளிக்கிழமை மாநாட்டு அறையில் தலைமை எழுத்தர் எழுந்து நின்றார். முன் வரிசையில் இயக்குநர். பின்னால் பதின்மூன்று அலுவலர்கள், மடியில் ஆளுக்கொரு கருவியுடன். ஓரத்து நாற்காலியில் தட்டச்சு அம்மா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கிழட்டு ஓடக்காரர் சாகிற இடம்,” என்று ஆரம்பித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கதவுப் பக்கம் போய்விடலாமா என்றும் ஒரு யோசனை இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அரைக் கண்ணால் பார்த்தார். இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தலைமை எழுத்தரைப் பிடிக்க முடியவில்லை. ஓடக்காரருக்கு ஒரு பொக்கை வாய் கொடுத்தார். ஓடிப்போன மகன் ஒருவனைக் கொடுத்தார். துடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடு ஆற்றில் உயிர் போக வைத்தார். போதாதென்று பட, ஓடம் தானாகவே கரைக்கு வந்து சேர்ந்ததாகவும் சொன்னார்.

இயக்குநர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். “அந்தக் கட்டத்தை எழுதினப்போ மூணு நாள் நான் சாப்பிடல.”

“படிச்சிட்டு நான் அஞ்சு நாள் சாப்பிடல சார்,” என்றார் காசாளர்.

“ஓடக்காரர் போனதும் எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கல,” என்றார் கொள்முதல் அதிகாரி. “என் மாமனார் செத்தப்பகூட பத்த வெச்சோம்.”

யாரோ ஒரு நிமிஷ மௌன அஞ்சலி என்றார்கள். இயக்குநர் உட்பட அத்தனை பேரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். அந்த அமைதியில் தரைக்கு அடியிலிருந்து முன்னாள் கணக்கு அதிகாரி இரண்டு தடவை இருமினார். மௌனம் முடிந்தும் கண் ஈரமாகாமல் நின்ற விற்பனை அதிகாரி ஒருவருக்கு அன்று மாலையே நிலவறை வாய்த்தது. தலைமை எழுத்தர் துணை மேலாளரானார்.

நியமன ஆணையை அடித்து எடுத்துக்கொண்டு தட்டச்சு அம்மாதான் வந்தார். புதிய அறை. தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை, ஜன்னல்கூட இருந்தது. துணை மேலாளர் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றி நின்றார்.

“என்னம்மா, ஓடக்காரர் சாகிற இடத்தை டைப் அடிக்கும்போது உங்களுக்கும் கண்ணு கலங்கியிருக்கும், இல்ல?”

அந்த அம்மா திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வாயைத் திறப்பதில்லை என்று போட்டுக்கொடுத்த கையெழுத்தை ஒரு நிமிஷம் மறந்துவிடலாம் என்று முடிவு செய்தவர்போல இருந்தது அவர் முகம்.

“எந்த ஓடக்காரர் சார்? நான் எழுதின நதிக்கு முதல் அத்தியாயத்துலயே பாலம் கட்டிட்டேனே.”