அயர்லாந்து முறைப்படி ஓர் அகழி

சிதைந்த கோட்டைகளை எப்படிப் பராமரிப்பது என்று கற்றுவர அரசாங்கம் ஓர் அதிகாரியை அயர்லாந்துக்கு அனுப்பியது. அதில் தவறு ஒன்றும் இல்லை. போனவர் சிதைவிடப் பாதுகாப்புப் பிரிவின் துணை இயக்குநர் அன்புசெல்வன்.

அங்கே வயல்வெளிகளின் நடுவே கூரையில்லாத கோட்டைகள் நின்றன. சுற்றிலும் அகழி, பச்சைப் புல், மேயும் மாடுகள். சரிந்த சுவரை நானூறு வருடமாக யாரும் தொடவில்லை என்று அறிந்தபோது அன்புசெல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊரிலும் யாரும் எதையும் தொடுவதில்லைதான். ஆனால் அதைக் கொள்கையாகச் செய்கிறார்களா?

ஊர் திரும்பியதும் நேராகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஆதிநாராயணனின் நெல்வயலுக்கு வந்தார். வயலின் நடுவே ஒரு பழைய கோட்டைமேடு உண்டு. இடுப்பளவு செங்கல் சுவர், அதைச் சுற்றி ஓர் அகழி. அந்த அகழியில் டீசல் இன்ஜினைப் போட்டு ஆதிநாராயணன் பயிருக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜினை நிறுத்துங்க. தொன்மையான இந்த அகழியில் தண்ணீர் இறைப்பது இதன்மூலம் தடை செய்யப்படுகிறது."

"சார், இப்பதான் கதிரு பால் புடிக்குது. தண்ணி இல்லன்னா பூரா பதராப் பூடும்."

"அயர்லாந்துல யாரும் அகழியில இன்ஜின் போடறதில்ல."

"அங்க நெல்லு வெக்கிறாங்களா சார்?"

"அது எங்கள் பிரிவின் வரம்புக்குள் வராது."

இன்ஜினுக்குச் சீல் வைத்தார்கள். ஆதிநாராயணனும் அவர் மனைவி அஞ்சம்மாளும் வரப்பில் உட்கார்ந்து, பயிர் வெளுப்பதையும் பக்கத்திலேயே தண்ணீர் தளும்புவதையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அன்புசெல்வன் போட்டோ எடுக்க வந்தார். அயர்லாந்துப் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு வயலோடு ஒப்பிட்டார். முகம் சுருங்கியது.

"ஏன் மஞ்சளா இருக்கு? கோட்டையைச் சுத்திப் பச்சையா இருக்கணுமே!"

"தண்ணி வுட்டா பச்சையா இருக்கும்," என்றாள் அஞ்சம்மாள். "வேணாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"அகழித் தண்ணியை எடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். வயலுக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு சொல்லலையே!"

"அப்ப எந்தத் தண்ணிய வுடறது?"

அதிகாரி யோசித்தார். மறுநாளே அரசாங்கச் செலவில் தண்ணீர் லாரி வந்துவிட்டது.

லாரி ஓட்டுநர் ஸ்டீபன் குழாயை அகழிக்குள் இறக்கினான். டேங்க் நிரம்பியது. லாரி வயலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டது.

"இன்னாப்பா ஸ்டீபன், இது அதே தண்ணிதான?" என்றார் ஆதிநாராயணன்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல போர் எல்லாம் உப்பு. வேற எங்க போறது? லாரில ஏறிட்டா அது லாரித் தண்ணிண்ணே. கம்முனு பாச்சிகினு இரு."

அன்புசெல்வனும் நேரில் பார்த்துத் திருப்தியடைந்தார். அகழியில் இன்ஜின் இல்லை. வயலுக்கு வந்தது லாரித் தண்ணீர்.

பயிர் பிழைத்தது. அஞ்சம்மாள் ஒரு நெல்மணியை நசுக்கிப் பார்த்தாள். வெள்ளையாகப் பால் கசிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு வீட்டுப் பயிருக்கு மட்டும் கவர்மெண்ட் லாரி தினமும் வருகிறது. ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"அவங்க ஊட்டுக்கு மட்டும் லாரி. நம்மகிட்ட இன்னா சிதையலைன்றான்?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி. நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்துச் சுவர் சாய்ந்திருந்தது. குடிதண்ணீர்த் தொட்டிக்குப் படிக்கட்டு பாதிதான் இருந்தது. தெருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னும் ஒரு லாரி வந்தால் நல்லதுதானே என்று அஞ்சம்மாளே முன்னால் நடந்து போய் அதிகாரியிடம் கோரிக்கை வைத்தாள்.

அன்புசெல்வன் ஊரைச் சுற்றிப் பார்த்துச் சிலிர்த்துப்போனார். அயர்லாந்தில்கூட ஒரே இடத்தில் இத்தனை சிதைவு இல்லையாம். மேளதாளத்தோடு முழு ஊரும் பாதுகாக்கப்பட்ட சிதைவிடமாக அறிவிக்கப்பட்டது. தெருவுக்கு ஒரு லாரி. பழுது பார்ப்பவர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று மூலைக்கு மூலை பலகை. பஞ்சாயத்துத் தலைவர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அறுவடை முடிந்து, நெல்மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு ரைஸ்மில்லுக்குப் போன ஆதிநாராயணன், நடுத்தெருக் குழியில் வண்டியோடு விழுந்தார். சத்தம் கேட்டு ஊரே ஓடி வந்தது.

"ஐயையோ, குழிக்கு இன்னாச்சு?" என்றாள் ஜோதிலட்சுமி.

"ஓரம் பேந்துட்ச்சு!"

"போச்சு! லாரிய நிறுத்திடுவானுங்க!"

"கால் போச்சுடா! யாராச்சும் கை குடுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார் ஆதிநாராயணன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சம்மாள் வந்தாள். குனிந்து புருஷனைப் பார்த்தாள். பிறகு குழியின் ஓரத்தைப் பார்த்தாள்.

"யோவ், அசையாத. மண்ணு இன்னும் சரிஞ்சிகினு கீது. ஆபீசர் வந்து பாக்கிற வரிக்கும் அப்டியே ஒக்காந்துகினு இரு."

வெயிலுக்கு ஒரு குடையை மட்டும் கவனமாக உள்ளே நீட்டினாள்.