லாகின் கேட்ட டோக்கன்காரர்

கடவுளைத் தவிர யாரையும் நம்பாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். டோக்கன்காரர் அந்த ரகமில்லை. கடவுளே நேரில் வந்து நின்றாலும், "மொதல்ல லாகின் பண்ணுங்க" என்றிருப்பார்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க வாசலில் பல வருஷம் டோக்கன் கொடுத்தவர். ஷிப்டுக்கு இறங்குகிறவன் ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போவான், ஏறி வந்ததும் திருப்பித் தருவான். ஒன்று குறைந்தாலும் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பலத்தபோது வேலையை விட்டுவிட்டு, மைத்துனரின் கம்ப்யூட்டர் சென்டரில் பொறுப்பாளராக உட்கார்ந்தார். ஒரே மெஷின், அதோடு சேர்த்த நாலு திரை. லினக்ஸ் என்றார்கள். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்.

"படம் காட்றவன நம்பாதீங்க" என்பார். "எழுத்துல கேக்கணும், எழுத்துல பதில் வாங்கணும்."

என் மகள் கலைவாணி அங்கேதான் காலேஜ் புராஜெக்ட் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையைப் பார்த்து முணுமுணுக்கிற மனுஷர் இருக்கும் இடத்துக்கு வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நானும் கூடப் போய் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டே அவரைக் கவனித்தேன். அவர் என்னைக் கவனித்தார்.

ஒரு நாள் எதிரே வந்து நின்றார்.

"நீங்க யாரு?"

"கலைவாணி அப்பா."

"அது வீட்ல. 'ஹூ'ன்னு அடிச்சா உள்ள இருக்கிறவங்க பேரெல்லாம் வருது. உங்க பேரு வரல. ஆனா நீங்க உக்காந்துக்கினு இருக்கீங்க. இது இன்னா நியாயம்?"

ஒன்பதாவது படித்த எனக்கும் ஒரு லாகின் கிடைத்தது. பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சாமி பேரு வெச்சீங்களா?"

"ஆமா."

"மாத்துங்க. சாமி பேரு சொன்னா இந்த ஊர்ல பாதி கதவு தொறந்துக்கும்."

தினமும் காலையில் 'லாஸ்ட்' என்று அடித்து, முந்தின நாள் யார் எப்போது வந்து எப்போது போனார்கள் என்று படிப்பார். நான் திருநீறு இட்டுக்கொள்கிற சிரத்தை அதில் இருக்கும். 'டி.யூ' அடித்து யார் எவ்வளவு இடம் அடைத்திருக்கிறார்கள் என்று அளப்பார். நடிகை படமாகச் சேர்த்து வைத்திருந்த மாணவன் ஒருவனை எல்லார் எதிரிலும் நிறுத்தி, "டிஸ்க்குல பாதி அந்தம்மாதான் குடியிருக்குது. நீ எங்க இருப்ப?" என்று கேட்டார். 'ஹிஸ்டரி' அடித்தால் நாம் கொடுத்த கட்டளையெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நான் அடிக்கவில்லை என்று யாரும் தப்ப முடியாது. எதையாவது அழிக்க 'ஆர்.எம்' போடுவதற்கு முன், அதே பெயருக்கு 'எல்.எஸ்' போட்டு என்னென்ன போகும் என்று பார்த்தாக வேண்டும்.

"கீழ போனா கம்பியால கூரையத் தட்டிப் பாத்துட்டுத்தான் கால வெப்பாங்க. இங்க மட்டும் இன்னா அவசரம்?"

ஃப்ளாப்பி உள்ளே வரக் கூடாது, வைரஸ் வருமாம். வெளியே போகவும் கூடாது, திருட்டுப் போகுமாம்.

ரிப்போர்ட் கொடுக்க வேண்டியதற்கு முதல் நாள் சாயங்காலம் கலைவாணி என் தோளைப் பிடித்தாள்.

"நைனா, போச்சு."

பழைய நகல்களை அழிக்கப் போனவள் கூரையைத் தட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக அழிக்கட்டுமா என்று மெஷின் கேட்டிருக்கிறது. மாமியாருக்குத் தலையாட்டுகிற மாதிரி எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லியிருக்கிறாள். அசலும் போய்விட்டது. ரிப்போர்ட் இல்லையென்றால் ஒரு வருஷம் வீண். பெங்களூரில் சொல்லி வைத்திருந்த வேலையும் போகும். எனக்கோ சுரங்க வேலை எப்போது நிற்கும் என்று தெரியாத காலம் அது.

"ஒரு ஃப்ளாப்பில எடுத்துக்கினு போக வுட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்று கத்தினேன். "எல்லாரையும் சந்தேகப்பட்டு என் பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டீங்களே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தினமும் கரண்டு போகிற நேரம் நெருங்கியிருந்தது. அதற்குள் மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு முன் வழக்கம்போல 'ஹூ' அடித்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு டோக்கன் கீழ இருக்குது. ரெண்டும் உன் பேருலம்மா."

"மத்தியானம் அந்த மூலை சீட்ல இருந்தேங்க. கீபோர்டு சிக்கிச்சு, இங்க வந்துட்டேன்."

"அந்த லாகின வுட்டு வெளிய வந்தியா?"

"இல்லீங்க."

"அங்க இன்னா தொறந்து வெச்ச?"

"ரிப்போர்ட்டு."

"ஒருத்தரும் சுவிட்சு பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு மூலைக்குப் போனார். இருண்டு கிடந்த திரையில் ஒரு விசையை மெல்லத் தொட்டார். ரிப்போர்ட் முழுசாக எழுந்து நின்றது. டிஸ்க்கில் அழிந்தாலும், திறந்து வைத்த திரை அதை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு பெயரில் சேமித்தார். 'எல்.எஸ்' போட்டுப் பார்த்தார். அதையும் நம்பாமல், எல்லாம் டிஸ்க்கில் இறங்கட்டும் என்று 'சிங்க்' அடித்தார். மெஷினை நிறுத்தி நிமிர்ந்தார். கரண்டு போனது.

கும்பிட்டேன்.

"உங்க பேரு, நட்சத்திரம் சொல்லுங்க. நாளைக்குக் கிருத்திகை, முருகனுக்கு அர்ச்சனை பண்றேன்."

அரையிருட்டில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேரையும் நட்சத்திரத்தையும் சேத்து ஒருத்தருக்கும் தரக் கூடாதுங்க. அந்த ஐயரு யாரு? எத்தன வருஷமா இருக்காரு?"

மறுநாள் கலைவாணி அச்செடுத்த ரிப்போர்ட்டோடு காலேஜுக்குப் போனாள், நான் கோயிலுக்குப் போனேன். ஐயர் பெயர் கேட்டார். டோக்கன்காரர் என்றேன். ஐயர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், முருகன் அப்படிப் பார்க்கவில்லை. நட்சத்திரத்துக்கு என்னுடையதையே கொடுத்தேன். இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நட்சத்திரம்தான்.