இடது கண்ணுக்குச் சூடு, வலது கண்ணுக்குக் குளிர்ச்சி

ஒரே முகத்தில் இருந்துகொண்டு ஒன்றோடு ஒன்று போட்டி போட்ட கண்கள் மும்பை மாநகரத்திலேயே கம்பேர் அண்ணாச்சிக்கு மட்டும்தான் இருந்தன. இதைச் சவால் விட்டே சொல்வேன்.

படிப்பு முடித்ததும் நான் முதலில் சேர்ந்தது தாராவியில் ஒரு தோல் பைப் பட்டறை. பைகளைப் படம் பிடித்து ஆன்லைனில் விற்பது என் வேலை. கம்பேர் அண்ணாச்சி அங்கே கடைசிச் செக்கிங். ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே அவருடைய நாற்காலி. பையை மூக்கு வரைக்கும் கொண்டுபோய், தையலைத் தையலாக எண்ணுகிற மாதிரி பார்த்து, தலையசைத்தால்தான் அது அட்டைப்பெட்டிக்குள் போகும்.

நிஜப் பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதையும் தனியாகப் பார்க்க அவருக்குத் தெரியாது. வடாபாவ் என்றால் இரண்டு கடையில் ஒவ்வொன்று வாங்கி, இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, மாற்றி மாற்றிக் கடிப்பார். செம்பூரிலிருந்து ஒரு வாரம் பஸ்ஸில் வருவார், மறு வாரம் குர்லாவில் மாறி ரயிலில் வருவார். ஒருமுறை பாதித் தலையை ஒரு சலூனிலும் மீதியை எதிர்ச் சலூனிலும் வெட்டிக்கொண்டாராம். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அந்த மனிதருக்குத்தான் கண்ணில் கோளாறு வந்தது. மணல் விழுந்த மாதிரி உறுத்தல், எந்நேரமும் தண்ணீர். ஒருநாள் வீடியோ காலில் புனேயிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னணியில் அண்ணாச்சி ஒரு ஹேண்ட்பேகைக் கையில் ஏந்தித் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "தொழிலை இவ்வளவு நேசிக்கிற மனுஷரா!" என்று அந்தம்மா நெகிழ்ந்து உடனே ஆர்டர் போட்டுவிட்டார்.

அதே பை பத்தாம் நாள் திரும்பி வந்தது. தையல் விட்டிருந்தது.

முதலாளி திருநெல்வேலிக்காரர். பையைத் தூக்கிக்கொண்டு நேராக நாற்காலிக்கு வந்தார்.

"என்ன வே, ஊசி தாண்டித் தாண்டிப் போயிருக்கு. உமக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது முதலாளி. ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது."

"சோக்கு அடிக்காதீரும். தீபாவளி ஆர்டர் வருது. அதுக்குள்ள கண்ணு சரியாவலைன்னா நீரு பேக்கிங்குக்குப் போவும். இந்த நாற்காலிக்கு வேற ஆளு பாக்கேன்."

அண்ணாச்சி இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார். கண்ணைத் துடைக்க மறந்துவிட்டார்.

டாக்டரிடம் போனால் அவரையே இன்னொரு டாக்டரோடு கம்பேர் பண்ணுவார் என்று முதலாளிக்குப் பயம். ஆகவே காவலுக்கு, அண்ணாச்சிக்கு மகள் வயசான என்னை அனுப்பினார். மாட்டுங்காவில் ஒரு டாக்டரம்மா. இமையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், உங்க கண்ணு காய்ஞ்சு போயிருக்கு."

"தண்ணி கொட்டுதே டாக்டரம்மா?"

"காய்ஞ்சதாலதான் கொட்டறது. இமை ஓரத்துல வரிசையா எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அந்த எண்ணெய் மேல படர்ந்தாத்தான் கண்ணீர் காயாம நிக்கும். உங்களுக்கு அது அடைச்சிண்டிருக்கு. ஜனவரியில தேங்காயெண்ணெய் உறைஞ்சுபோனா என்ன பண்ணுவேள்?"

"பாட்டில வெயில்ல வைப்போம்."

"அதேதான். கண்ணை மூடிண்டு இதமான சூட்டுல பத்து நிமிஷம் ஒத்தடம். அப்புறம் மேல் இமையைக் கீழ் நோக்கி, கீழ் இமையை மேல் நோக்கி, மெதுவா நீவி விடணும். காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. சொட்டு மருந்து எழுதித் தரேன். இதுல கேக்கலைன்னா மெஷின் வைத்தியம் இருக்கு, பாத்துக்கலாம்."

செம்பூர் வீட்டில் இதைச் சொன்னதும் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேக வைக்கச் சொல்லுதாளா? கண்ணு என்ன பனங்கிழங்கா? உடம்புச் சூட்டுலதான கண்ணு எரியுது! சூட்டுக்குச் சூடா? தலைக்கு நல்லெண்ணெய் தேச்சு, மூடுன கண்ணு மேல ஈரமா நந்தியாவட்டைப் பூவை வச்சா சரியாவும்."

அண்ணாச்சி இருவரையும் பகைத்துக்கொள்ளவில்லை. வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை என்பது போல முகம் மலர்ந்தார். இடது கண் டாக்டரம்மாவுக்கு, வலது கண் மதினிக்கு. சொட்டு மருந்து மட்டும் இரண்டுக்கும் சமம், போட்டி நியாயமாக இருக்க வேண்டுமே!

ஒத்தடத்துக்குள்ளேயே ஒரு கிளைப் போட்டி நடந்தது. வெந்நீர்த் துணி இரண்டு நிமிஷத்தில் ஆறிப்போனது. அவித்த முட்டை சூடு தாங்கியது, ஆனால் பாதியிலேயே அவருக்குப் பசித்தது. கடைசியில் சாக்ஸுக்குள் அரிசி போட்டுக் கட்டிய கிழி வென்றது. சுட்டுவிடக் கூடாது என்று மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் கண்ணுக்குப் போகும்.

மெஷினையும் விடவில்லை. ஒரு கிளினிக்குக்குப் போய் விசாரித்தார். ஒரு மெஷின் இமையைச் சூடாக்கி அழுத்துமாம், இன்னொன்று ஒளியைப் பாய்ச்சுமாம்.

"இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு கண்ணுக்கு ஒண்ணாப் பண்ணுவியளா?"

ரிசப்ஷன் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "அங்கிள், யே எக்ஸிபிஷன் நஹி ஹை!" இது பொருட்காட்சி இல்லையாம்.

பட்டறை இரண்டாகப் பிளந்தது. தைப்பவர்கள் சூட்டுக் கட்சி, ஒட்டுபவர்கள் குளிர்ச்சிக் கட்சி. தினமும் காலையில் அண்ணாச்சி உள்ளே வரும்போது எல்லாரும் அவர் கண்ணைத்தான் பார்ப்பார்கள், முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

நான்கு வாரத்தில் இடது கண் தெளிந்தது. வலது கண் இன்னும் புனே அம்மாவை உருக வைக்கும் நிலையிலேயே இருந்தது. முதலாளி ஒரு பரீட்சை வைத்தார்: நல்ல பைகளுக்கு நடுவே மோசமான பை ஒன்றைச் செருகினார். அண்ணாச்சி வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, மோசமான பைகள் இரண்டை எடுத்து வெளியே போட்டார். இரண்டாவது, முதலாளிக்கே தெரியாமல் நல்ல பைகளுக்குள் கிடந்தது.

"சரி வே. ஆனா ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு எம்புட்டு நாளு ஓட்டுவீரு? தீபாவளி ஆர்டருக்கு ரெண்டும் வேணும்."

நான் சொன்னேன், "அண்ணாச்சி, வலது கண்ணுக்கும் ஒத்தடம் கொடுத்துர வேண்டியதுதானே?"

"ஏட்டி, அது அவ கண்ணு. கேக்காம எப்படித் தொட?"

மறுநாள் மதியம் அவரே சாக்ஸோடு என் மேஜைக்கு வந்து நின்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு மைக்ரோவேவில் அரிசிக் கிழியும் சுற்றியது. வலது கண்ணுக்குக் காலையில் பட்டறைக்கு வந்ததும் ஒன்று, மதியம் ஒன்று. வீட்டில் சாயங்காலம் வழக்கம் போலப் பூ. ஒத்தடம் கொடுத்த நேரத்தையெல்லாம் என் போனில் குறிக்கச் சொன்னார். "திருட்டுத்தனம்னாலும் ரெக்கார்டு இருக்கணும், கேட்டியா?"

தீபாவளி ஆர்டர் வந்த வாரம் இரண்டு கண்ணும் பளிச். நாற்காலி நிலைத்தது. முடிவைக் கேட்க இரண்டு கட்சிகளும் கூடின. மதியச் சோற்று வாளியோடு மதினியும் வந்து நின்றார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "இடது கண்ணு, ஒத்தடம். சொகம். வலது கண்ணு, நந்தியாவட்டை. சொகம்." கொஞ்சம் யோசித்தார். "வலதுதான் ஒரு பொட்டு கூட."

குளிர்ச்சிக் கட்சி விசிலடித்தது. "நான் அன்னைக்கே சொன்னேம்லா!" என்று மதினி எல்லாருக்கும் ஆளுக்கொரு வடையாக, தோற்ற கட்சிக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, இப்படி ஒரு பச்சைப் பொய்!"

"சும்மா இருட்டி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ சேந்தாப்புல பத்து நிமிஷம் என் பக்கத்துல உக்காந்ததே இந்தப் பூ வைக்கத்தான். அந்த மருந்தையா நிறுத்தச் சொல்லுத?"

சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்துத் தையல் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

என் போனில் வலது கண்ணின் கணக்கு தேதி வாரியாக இருந்தது. அன்று சாயங்காலம் பஸ் வருவதற்குள் அதை அழித்துவிட்டேன்.