சுவரைப் பட்டினி போடாத பிரேம் நானா

கடந்த நாற்பது வருடங்களில் மாத்தளையில் நடந்த கல்யாணம் அத்தனையும் பிரேம் நானாவுக்குத் தெரியும். ஆனால் ஒரு மணப்பெண்ணின் முகம்கூட அவருக்கு ஞாபகம் கிடையாது. பெயரைச் சொன்னாலும் தெரியாது, ஊரைச் சொன்னாலும் தெரியாது. "கறுப்புச் சட்டம், ஒன்றரை அங்குலம், உள்ளுக்குத் தங்கக் கோடு" என்று சொல்லிப் பாருங்கள். "ஆ, அது ரத்தோட்டை ரோட்டு மிளகாய் மில்காரர்ட மூத்த மகள்தானே. எப்படி ஈக்கு, மூலை விட்டுப் போகல்லியே?" என்பார். அவர் விசாரிப்பது மகளை அல்ல, அவள் கல்யாணப் படத்தின் சட்டத்தை.

படங்களுக்குப் பிரேம், அதாவது சட்டம், போடுகிற கடை வைத்திருந்ததால் அந்தப் பெயர்; நானா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கிளப்பின் அங்கத்தவர் பட்டியலில்கூட நான் 'பிரேம் நானா' என்றுதான் எழுதி வைத்திருந்தேன். அவரும் அதற்கு நேரே மறுபேச்சில்லாமல் கையொப்பம் போட்டார். செக்ரட்டரி என்ற முறையில் நான் செய்த ஒரே முறைகேடு அதுதான்.

எங்கள் கிளப் நகரத்தின் ஒரு சந்துக்குள் இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மாலையில் முப்பது பேர் வருவோம். கெரம் விளையாடுவோம், பால் விடாத பிளேன்டி குடிப்போம், அரசாங்கத்தைத் திட்டுவோம், ஏழு மணிக்குக் கலைந்துவிடுவோம். கெரம் மேசைக்கு எதிரே இருபத்து மூன்று அடி நீளத்தில் ஒரு வெறும் சுவர். அதற்கு வெள்ளை அடித்த அன்று நானா உள்ளே வந்தார், நின்றார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய சுவரைப் பட்டினி போட்டு வெச்சீக்கீங்களே. பாவம் இல்லியா?"

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் மாதாந்தக் கண்காட்சி. ஒரு மாதம் ஓவியம், மறு மாதம் புகைப்படம். சட்டங்கள் எல்லாம் நானாவின் கடையிலிருந்து இரவலாக வரும். விதிகளும் அவருடையவைதான். மாதத்தின் கடைசி நாள் நாலு மணிக்குப் பழைய படங்கள் இறங்கி, ஆறு மணிக்குள் புதியவை ஏறிவிட வேண்டும். மாதம் தொடங்கிய பிறகு படம் மாற்றக் கூடாது. படத்துக்குக் கீழே சொந்தக்காரரின் பெயர் எழுதக் கூடாது, எழுதினால் சனங்கள் பெயரைப் பார்ப்பார்களே தவிர படத்தைப் பார்க்க மாட்டார்கள். பெயர்ச் சீட்டு கடைசி நாளில்தான் ஒட்டப்படும். இந்த ஏற்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. ஏணியைப் பிடிக்க வேண்டும்.

ஒரு மாதம் சீகிரியாவிலிருந்து ஒரு திரீவீலர் சாரதி வந்தார். சுற்றுலா வந்தவர்களின் தொலைபேசிகளில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துக் கொடுத்த மனிதர், ஆனால் அவர் கையில் ஒரு படம்கூடக் கிடையாது. நானாவின் தொல்லை தாங்காமல், நம்பர் தெரிந்த வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிப் பதினொரு படங்களைத் திரும்ப வாங்கினார். பதினொன்றிலும் சீகிரியா மலை முழுதாக இருந்தது, ஆட்களுக்குக் கால்கள் இல்லை.

இன்னொரு மாதம் வில்கமுவையிலிருந்து ஒரு விவசாயி யானைப் படங்கள் கொண்டுவந்தார். உடைந்த வேலி, மிதிபட்ட வயல், முறிந்த வாழை, வாளி அளவு காலடி. யானையை மட்டும் எதிலும் காணோம். எங்கே யானை என்று கேட்டோம். "யானை வரும்போது படம் எடுத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்று அவர் சிங்களத்தில் திருப்பிக் கேட்டார்.

பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் நானாதான். ஒரு தடவை ஓர் ஆசிரியை நெடுநேரம் ஓர் ஓவியத்தின் முன் நின்றுவிட்டு, "இதில் ஓவியர் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேட்டார். நானா கிட்டப் போய்ச் சட்டத்தை உற்றுப் பார்த்தார். "மகோகனி" என்றார்.

இதெல்லாம் எங்கள் தலைவருக்குப் பிடிக்கவில்லை. தலைவர் ஹார்ட்வெயார் கடை முதலாளி. கடையில் விற்கிற கம்பியை முறுக்கி வைத்த மாதிரி மீசை. அவர் சிரித்துப் பார்த்ததாகச் சொல்பவர்கள் யாரும் எங்கள் கிளப்பில் இல்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை கிரிக்கெட். அந்தச் சுவரில் பெரிய தொலைக்காட்சி ஒன்றைப் பொருத்தி, மாட்ச் நாட்களில் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்தார்.

ஏற்கெனவே ஒரு விதி அவரும் போட்டிருந்தார். கண்ணாடி வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று கெரம் ஆடுகிற ஒருவர் ஒரு படத்தைக் கழற்றிக் கீழே வைத்தபோது வந்த விதி அது. மாதம் முடியுமுன் ஒரு படத்தைக் கழற்றும் உரிமை அதன் சொந்தக்காரருக்கு மட்டும்தான். அதுவும் எல்லோர் முன்னிலையிலும் 'இது என் படம்' என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான். இப்போது கமிட்டியில் இன்னொன்றும் நிறைவேற்றிவிட்டார். இனி ஒரு நாள், ஓர் ஆணி வெறுமையாக இருந்தாலும் சுவர் தொலைக்காட்சிக்கு. நானா அன்று பிளேன்டியைத் தொடவே இல்லை.

அடுத்த மாதக் கடைசி நாள் வந்தது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் பனிமூட்டத்தை வரைந்த இருபத்தேழு ஓவியங்களைக் கொண்டுவருவதாக ஏற்பாடு. பகல் பன்னிரண்டுக்கு அவரிடமிருந்து அழைப்பு. மழையில் மண் சரிந்து வழி அடைபட்டிருக்கிறது, இரண்டு நாளைக்கு இறங்க முடியாது. நான் தொலைபேசியை வைத்துவிட்டு நானாவைப் பார்த்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தலைவர் சுவரை அளக்க அளவு நாடாவோடு வருவதாகச் சொல்லியிருந்தது மறுநாள்தான்.

"தம்பி, நான் நாப்பது வருஷமாச் செஞ்ச சட்டமெல்லாம் இந்த ஊர்லதானே ஈக்கு" என்றார் நானா. உடனே ஒரு திரீவீலரைப் பிடித்தார்.

வீடு வீடாகப் போனார். எந்த வீட்டுக் கூடத்தில் எந்தச் சட்டம் தொங்குகிறது, எது அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது என்பதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் விசாரித்து விசாரித்தே அவருக்கு மனப்பாடம். "ஒரு மாசம் இரவல் தாங்க, பத்திரமாக் கொண்டாந்து தாறேன்" என்று கேட்டு, கல்யாணப் படம், ஹஜ்ஜுக்குப் போன படம், பூப்பு நீராட்டுப் படம், முதல் லொறி வாங்கிய படம் என்று அள்ளிக்கொண்டு வந்தார். என் வீட்டிலும் கல்யாணப் படம் போய்விட்டது. "வாசல்ல நின்னு கேக்குறாரு, எப்படிங்க இல்லன்னு சொல்றது" என்றாள் என் மனைவி. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருபத்தேழாவது ஆணியிலும் படம் ஏறிவிட்டது.

மறுநாள் மாலை தலைவர் அளவு நாடாவோடு வந்தார். நிறைந்திருந்த சுவரைப் பார்த்து முகம் சுருங்கியது. ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனவர் பதினேழாவதில் நின்றார். நாடா கையிலிருந்து விழுந்து உருண்டு கெரம் மேசைக்கு அடியில் போனது. குனிந்து எடுக்கவும் தோன்றாமல் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

பதினேழாவது படம் ஓர் இளம்பெண். பழைய கறுப்பு வெள்ளை. கழுத்து நிறைய மணிமாலை, தலையில் காகிதக் கிரீடம், கண்ணில் நீர் நிற்கிற மாதிரி ஒரு பார்வை. முதல் நாளே கிளப்பில் பாதிப்பேர் அதன் முன்னால்தான் நின்றார்கள். தபால் கந்தோரில் வேலை பார்க்கிற எங்கள் நண்பர் ஒருவர், இப்படி ஒரு முகத்தைப் பார்த்திருந்தால் தான் கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருப்பேன் என்று பெருமூச்சு விட்டார்.

அடுத்த நாள் காலையில் நான் நானாவின் கடையில் இருந்தபோது தலைவர் வந்தார். கதவைச் சாத்தினார்.

"நானா, அந்தப் பதினேழாம் நம்பர் படம் எங்க எடுத்தீங்க?"

"உங்க வீட்டுலதான் மொதலாளி. சாமான் அறையில கெடந்திச்சி, உங்க வீட்டம்மா எடுத்துக் குடுத்தாங்க. அந்த மூலை வேலையைப் பாத்தீங்களா? இப்ப எனக்கே அப்படி வராது."

"மூலை கெடக்கட்டும். உள்ள இருக்கிறது யாருன்னு தெரியுமா?"

"பொண்ணு ஒண்ணு."

"நான்."

நானா தாடியைத் தடவினார். எனக்கு இருமல் வந்துவிட்டது.

தலைவர் மெல்லச் சொன்னார். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவர் அவர். மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். மன்மதன் எரிந்து போனதும் ரதி அழ வேண்டும், அந்த ரதி வேடம் ஆண்தான் கட்ட வேண்டும். ஒரு வருடம் ரதிக்குக் காய்ச்சல் வந்துவிட, பத்தொன்பது வயதில் இவரை இழுத்து மீசையை வழித்து நிறுத்திவிட்டார்கள். படத்தைச் சட்டம் போடக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். "எங்கப்பா. லயத்துக்கு வாறவங்களுக்கெல்லாம் காட்டுவாரு" என்றார். பிறகு டவுனுக்கு வந்தார், கடை போட்டார், மீசை வைத்தார், படத்தைச் சாமான் அறைக்குள் போட்டார்.

"கழட்டணும்னா என் படம்னு எல்லாருக்கும் முன்னால எழுதணும். எழுதாட்டி, கடைசி நாள்ல நீங்க பேர் ஒட்டுவீங்க. என்ன செய்ய நானா?"

எனக்குள்ளே ஒரு நரி விழித்துக்கொண்டது. "தலைவர், நீங்க டீவியை விடுங்க, நாங்க பேரை விடுறோம்" என்றேன்.

நானா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "ஒரு மனுசன்ட வெக்கத்தை வெச்சுச் சுவர் வாங்கினா, அந்தச் சுவர்ல ஆணி இறங்காது தம்பி. ஹராம்." தலைவர் பக்கம் திரும்பினார். "நீங்க போங்க மொதலாளி. இண்டைக்குப் பின்னேரம் நான் கழட்டித் தாறேன்."

"ஆணி வெறுமையாப் போயிருமே நானா" என்றேன்.

"போகட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்போது எனக்கு என் மீதே வெட்கமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மாலையில் கிளப் நிறைந்திருந்தது. தலைவர் மூலையில் பத்திரிகையை விரித்து அதற்குப் பின்னால் இருந்தார். நானா நேரே மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தார்.

"பதினேழாம் நம்பர் படம் என்ட. கழட்டப் போறேன்."

"உங்களோடதுன்னா? உங்க சொந்தக்காரங்களா?" என்றார் தபால் கந்தோர்க்காரர்.

"இல்ல. நான்தான் அது."

முப்பது பேரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு நெஞ்சு வரை தாடி இறங்கிய, நெற்றியில் தொழுகைத் தழும்பு விழுந்த நானாவைப் பார்த்தார்கள். திரும்பவும் படத்தைப் பார்த்தார்கள்.

"நானா, அது காமன் கூத்து ரதி" என்றார் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர். "எங்க தோட்டத்திலயும் ஆடுவாங்க. நீங்க எப்படி அதுல?"

"சின்ன வயசுல எல்லாரும் எல்லாம் செய்றதுதானே."

"அப்படியா. அப்ப ரதி அழுகிற பாட்டுல ரெண்டு அடி பாடுங்க பார்ப்போம்."

நானா தொண்டையைச் செருமினார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி செருமினார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. படம் அளக்கிற மனிதருக்கு அழுகைப் பாட்டு எங்கிருந்து வரும்? யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

பத்திரிகை மடிக்கிற சத்தம் கேட்டது. தலைவர் எழுந்து நின்றார்.

"அவருக்கு அது வராது" என்றார். "நான் பாடுறேன்."

பாடினார். அந்த மீசைக்குள்ளிருந்து அப்படி ஒரு மெல்லிய குரல் வரும் என்று எவனுக்குத் தெரியும்? எரிந்து போனவனை எழுப்பச் சொல்லி ரதி கெஞ்சுகிற இடம். இரண்டு அடி கேட்டவர்களுக்கு முழுவதும் பாடினார். தோட்டத்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தமிழ் அரைகுறையாகத் தெரிந்த சிங்கள நண்பர்களும் துடைத்துக்கொண்டார்கள். தபால் கந்தோர்க்காரர் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

பாடி முடித்ததும் தலைவர் வந்து பதிவேட்டை மூடினார். "படம் அங்கயே இருக்கட்டும் நானா. எங்கப்பா எல்லாருக்கும் காட்டின படம்."

அந்த மாதம் கிளப்பின் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்கவில்லை. ஒருநாளும் உள்ளே வராத பெண்கள் தங்கள் கல்யாணப் படத்தையும் பக்கத்து வீட்டுக்காரியின் கல்யாணப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வந்தார்கள். தோட்டத்திலிருந்து ரதியைப் பார்க்க ஒரு வேன் வந்தது. கடைசி நாள் பெயர்ச் சீட்டைத் தலைவரே தன் கையால் ஒட்டினார். தொலைக்காட்சி கன்டீன் பக்கத்துச் சின்னச் சுவருக்குப் போனது, அவருக்கு அங்கேயும் முன் வரிசைதான். சுவர் நானாவுக்கே என்று கமிட்டி எழுதிக் கொடுத்தது. நானா அதற்கும் ஒரு சட்டம் போட்டார்.

பிறகு அவர் வீடு வீடாகப் போய்ப் படங்களைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, நகராமல் நெடுநேரம் நின்றார். என் மனைவி பிளேன்டி கொடுத்தாள்.

"கடையை விட்டுப் போனா என்ட சட்டம் ஒண்டையும் நான் திரும்பப் பாக்குறதில்ல தம்பி" என்றார். "அதுக்குத்தான் அந்தச் சுவரைக் கேட்டுக்கிட்டு நிண்டேன். இண்டைக்கு எல்லா வீட்டுலயும் பாத்துட்டேன். இனி என்ன சாட்டுச் சொல்லிக்கிட்டு வாறது?"

இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, அவர் கடை சாத்துகிற நேரம் பார்த்து, நாற்காலியில் ஏறி அந்தப் படத்தை இடது பக்கமாக ஓர் அரை அங்குலம் சரித்து வைக்கிறேன். பிறகு இறங்கி வந்து, "நானா, படம் கோணிப் போச்சு, கொஞ்சம் வாங்களேன்" என்று தொலைபேசியில் கூப்பிடுகிறேன்.