வதந்தி என்று அறிவிக்கப்பட்ட வெள்ளம்

ஒரு காட்டில் ஒரு கழுதை அரசாங்க வேலை பார்த்துவந்தாள். சிரிக்காதீர்கள். முறைப்படி நேர்காணலுக்குப் போய், குரல் தேர்வில் முதலாவதாக வந்து வாங்கிய வேலை. பெயர் செங்கமலம். காட்டுக்கு ஒலிபெருக்கி வாங்குவதற்கான கோப்பு பதினோரு வருடமாக மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. அது வரும்வரை இருக்கட்டும் என்று அவளை எடுத்திருந்தார்கள். சிங்க ராஜா எழுதிக் கொடுப்பதைத் தெருத் தெருவாகப் போய்க் கத்த வேண்டும். அதுதான் உத்தியோகம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தும்மல் காய்ச்சல் வரும்வரை.

முதலில் ராஜா எழுதிக் கொடுத்தார்: “தும்மல் காய்ச்சல் நம் காட்டுக்கு வரும் என்பது வதந்தி. பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை.” செங்கமலம் கத்தினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காடே தும்மியது.

“காட்டை மூடப்போகிறார்கள் என்பது வதந்தி” என்று காலையில் கத்தினாள். மத்தியானம் மூடிவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் குடிக்கப் போகக்கூட இ-பாஸ் வேண்டும் என்றார்கள். ஒரு மான் தன் கல்யாணத்துக்குப் போக விண்ணப்பித்தது. பாஸ் கைக்கு வந்தபோது பெண்ணுக்கு வேறிடத்தில் இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. “கசாயம் தீர்ந்துவிட்டது என்பது வதந்தி” என்றார்கள். அண்டாவை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு பல்லி மட்டும் இருந்தது, அதுவும் தும்மிக்கொண்டிருந்தது. யாரும் சாகவில்லை என்றும் ஒரு அறிவிப்பு வந்தது. அதை அவள் கத்திக்கொண்டு போன தெருவிலேயே மூன்று வீட்டில் சாவு. ஆனாலும் கத்தினாள், வேலையாயிற்றே.

இதனால் அந்தக் காட்டில் ஒரு விபரீதம் நடந்தது. ‘வதந்தி’ என்ற வார்த்தைக்கே அர்த்தம் மாறிப்போனது. எதையாவது நம்ப வேண்டுமென்றால் “இது வதந்திதானே?” என்று கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். “சத்தியமாச் சொல்றேன்” என்பது போய் “வதந்தியாச் சொல்றேன்” என்று ஆனது. “எம் பொண்ணுக்கு வர்ற தைமாசம் கல்யாணம்னு ஒரு வதந்தி, குடும்பத்தோட வந்துடுங்க” என்று முயல் வீட்டில் அழைத்தார்கள். கூட்டம் அலைமோதியது, சாதம் பத்தவில்லை.

காடு முழுக்க இப்படியிருக்க, ஒரே ஒரு பிராணி மட்டும் அரசாங்கத்தை நம்பியது. அது செங்கமலத்தின் கணவர் பரஞ்சோதி. காய்ச்சல் காலத்தில் இடைவெளிக்காகத் தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டார்களே, காய்ச்சல் போய் இரண்டு வருடமாகியும் அவர் வாசலில் அந்த வட்டத்துக்குள்தான் நிற்பார். கேட்டால், “வெளிய வரலாம்னு இன்னும் உத்தரவு வரலியே?” என்பார். செங்கமலத்துக்கு எரிச்சலாகவும் வரும், ஒரு வகையில் பெருமையாகவும் இருக்கும். ஊரே காறித் துப்பும் வேலையில், தான் சொல்வதை நம்ப வீட்டில் ஒரு ஆள் இருக்கிறதே.

ராஜாவுக்கும் ஒரு நாள் இந்த விஷயம் உறைத்தது. குடிமக்களுக்கு நம்பிக்கை ஏன் போயிற்று என்று ஆராய ஆந்தை தலைமையில் ஆணையம் போட்டார். ஆந்தை பதினெட்டு மாதம் உட்கார்ந்து நானூறு பக்கம் எழுதியது. சுருக்கம் கடைசிப் பக்கத்தில் இருந்தது: “நீங்கள் பொய் சொன்னீர்கள்.” ராஜா படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குகை வாசலில் பலகை மாட்டினார்: ‘இனி உண்மை மட்டுமே.’

குடிமக்கள் பலகையைப் பார்த்தார்கள். “ஓகோ, பெரிசா ஏதோ மறைக்கிறாங்கடோய்” என்று பேசிக்கொண்டு போனார்கள்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மேல்காட்டு யானைகளிடமிருந்து தகவல் வந்தது. அணை நிரம்பி வழிகிறது, மாலை நாலு மணிக்குத் திறந்தே ஆகவேண்டும், ஆற்றோரம் இருப்பவர்களை மேட்டுக்கு ஏற்றுங்கள். ஆற்றோரம் என்றால் பள்ளத்துத் தெரு. எழுபது குடும்பங்கள், அது போகச் செங்கமலத்தின் வீடு. ராஜா அதை அப்படியே எழுதிக் கொடுத்தார். செங்கமலம் அதை வாங்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடினாள்.

“வெள்ளம் வரப்போகுது! நாலு மணிக்கு! எல்லாரும் மேட்டுக்குப் போங்க!”

சேற்றில் படுத்திருந்த கொளஞ்சி என்ற பன்றி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அந்தத் தெருவில் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு. “யாரு சொன்னது?”

“ராஜா சொன்னாருண்ணே.”

“அரசாங்கமே வெள்ளம் வருதுன்னு சொல்லுதா?” கொளஞ்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அடியாத்தீ, அப்படின்னா வறட்சில்ல வரப்போகுது! ஏய், குடம் தவலை எல்லாத்தையும் எடுங்கடா!”

அவ்வளவுதான். எழுபது குடும்பமும் பானை சட்டியோடு ஆற்றுக்குள் இறங்கியது. பாதிப் பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். தெருவிலேயே மேடு ஏறியவர் பரஞ்சோதி ஒருவர்தான். பாயைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு, “நாலு மணின்னா நாம மூணரைக்கே அங்க இருக்கணும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். தெருவே அவரைப் பார்த்துச் சிரித்தது.

“கொளஞ்சியண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். என்ன செஞ்சா நம்புவீங்க?”

கொளஞ்சி யோசித்தார். “வெள்ளம் வர்றது நெசம்னா அரசாங்கம் மறுத்திருக்கணுமே? மறுப்பு அறிக்கை எங்க? அதைக் காட்டு, முத்திரையோட. அப்ப நம்புறேன்.”

செங்கமலம் குகைக்கு ஓடினாள். மூச்சு இரைக்க, “மகாராஜா, வெள்ளம் வராதுன்னு உடனே ஒரு மறுப்பு கொடுங்க!” என்றாள்.

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. “பொய் சொல்லச் சொல்றியா? வாசல்ல பலகையப் பாத்தியா இல்லையா? இருபது வருஷ ஆட்சியில முதல் தடவையா ஒரு உண்மை சொல்லியிருக்கேன். காலையிலேருந்து உடம்பே லேசா இருக்கு.”

“உங்க யோக்கியத்தைக் காட்ட இதுவா நேரம்? அங்க எல்லாரும் குடத்தோட ஆத்துக்குள்ள நிக்கிறாங்க!”

“நம்பலேன்னா அது அவங்க குத்தம்.”

“நம்பாம இருக்கப் பழக்கினது யாரு?” செங்கமலம் போட்ட சத்தத்தில் குகைக்குள் மண் உதிர்ந்தது. “நீங்க எழுதினீங்க, நான் கத்தினேன். நாம ரெண்டு பேரும் சேந்து பண்ணின பாவம் இது. உங்களுக்குப் பலகை மாட்டினதோட தீந்துபோச்சா?”

ராஜாவின் கண்ணில் நீர் கட்டியது. பேனாவை எடுக்கப் போனபோது செயலாளர் நரி கனைத்தார்.

“மன்னிக்கணும். மறுக்கணும்னா முதல்ல வதந்தி இருக்கணும். வெள்ளம் வருதுன்னு வதந்தி எதுவும் நம்ம ஆபீசுல பதிவாகலையே? இல்லாத வதந்திய எப்படி மறுக்கிறது? இந்தாம்மா, படிவத்தை நிரப்பு.”

மணி இரண்டே முக்கால். செங்கமலம் அவசர அவசரமாக நிரப்பினாள். வதந்தியைப் பரப்பியவர் பெயர்: செங்கமலம். உறவு முறை: அரசு ஊழியர். வதந்தி எத்தனை நாளாக நிலவுகிறது: காலை பதினோரு மணியிலிருந்து. மூன்று பிரதி வேண்டும் என்றார் நரி. மூன்றாவது பிரதியை அவர் வாங்கி, எழுத்துப் பிழை பார்த்து, திருத்தி, முத்திரை வைத்தார். ராஜா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

மூன்றேகாலுக்குச் செங்கமலம் பள்ளத்துத் தெருவில் நின்று, காடே அதிரும்படி கத்தினாள்:

“ஆற்றில் வெள்ளம் வரும் என்பது வெறும் வதந்தி! பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை! நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது!”

கொளஞ்சி அறிக்கையை வாங்கி, முத்திரையை மோந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. “கட்டுப்பாட்டுல இருக்குன்னு வேற போட்டிருக்காங்கடா! ஓடுங்க!”

குடம் ஒரு பக்கம் உருள, குட்டி ஒரு பக்கம் அலற, இருபதே நிமிஷத்தில் தெரு காலி. நடக்க முடியாத முயலைக் கொளஞ்சியே முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். செங்கமலம் வீடு வீடாக எட்டிப் பார்த்து, யாருமில்லை என்று தெரிந்த பிறகு கடைசி ஆளாக மேடு ஏறினாள். எழுபது குடும்பமும் தப்பிவிட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் எதிரே பரஞ்சோதி வந்தார். பாயை முதுகில் போட்டுக்கொண்டு, இறக்கத்தில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க! எங்க போறீங்க?”

“வீட்டுக்குத்தான். வெள்ளம் இல்லேன்னு நீதானே சொன்ன? மேடு வரைக்கும் கேட்டுச்சு. என்னா குரல்!”

“ஐயோ, வெள்ளம் வருதுங்க! திரும்புங்க!”

பரஞ்சோதி நின்றார். “இப்ப நீ ஆபீசா பேசுறியா, வீடா பேசுறியா?”

“உங்க பொண்டாட்டியாப் பேசுறேன்!”

“அப்ப ஆபீஸ் சொன்னதுதான் செல்லும்.”

பதற்றத்தில் செங்கமலத்துக்கு ஊர் வழக்கம் வாயில் வந்துவிட்டது. “வதந்தியாச் சொல்றேங்க, வெள்ளம் வருது!”

அந்தக் காட்டில் அந்த வார்த்தைக்குப் பழைய அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். “அதைத்தானே நானும் சொல்றேன், வதந்தின்னு” என்று சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவள் வாலைப் பிடித்து இழுத்தாள். கழுதையைக் கழுதை இழுத்து என்ன ஆகப்போகிறது?

நாலு மணிக்கு வெள்ளம் வந்தது. செங்கமலத்தைக் கொளஞ்சிதான் மேட்டுக்கு இழுத்துப் போட்டார். பள்ளத்துத் தெரு இருந்த இடம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பரஞ்சோதி தன் வீட்டுக் கதவின் மேல் உட்கார்ந்தபடி மிதந்து வந்தார். செங்கமலம் ஒரு காட்டுக்கொடியைப் பிடுங்கிக் கயிறு போல வீசினாள். அது அவர் பக்கத்திலேயே போய் விழுந்தது.

“பிடிங்க!”

“எதுக்கு?” என்றார் பரஞ்சோதி.

“மகாராஜா, வெள்ளம் வந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க! நீங்க சொன்னா அவர் பிடிச்சுக்குவார்!” என்று, நரியோடு மேட்டுக்கு வந்திருந்த ராஜாவைப் பார்த்துச் செங்கமலம் கதறினாள்.

ராஜா பாறை மேல் ஏறி நின்று வாயைத் திறந்தார். “பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், வெள்ளம் வந்து…”

“கேட்டீங்களாடா!” மேட்டில் யாரோ கூவினார்கள். “வெள்ளம் வந்துடுச்சாம்! அப்ப வரலைடா! வாங்க, வீட்டுக்குப் போகலாம்!” எழுபது குடும்பமும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தைப் பார்த்துத் திரும்பியது. கண்ணெதிரே தண்ணீர் ஓடுகிறது, அதைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார்கள்!

நரி பாய்ந்து ராஜாவின் வாயைப் பொத்தினார். “எழுபது குடும்பம் மகாராஜா, அந்தப் பக்கம் ஒரே ஆளு. பேசாம நில்லுங்க.”

ராஜா பேசவில்லை. கூட்டம் நின்றது. பரஞ்சோதி பாறையில் நின்ற ராஜாவைப் பார்த்தார், மரியாதையாக எழுந்து நின்று ஒரு வணக்கம் வைத்தார், ஆற்றின் வளைவில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தார். செங்கமலம் கரையில் உட்கார்ந்து, உத்தியோகக் குரலில் இல்லாமல், சாதாரணமாக அழுதாள்.

அவர் சாகவில்லை. கீழ்க்காட்டு நாணலில் கதவோடு ஒதுங்கினார். வந்துவிடுங்கள் என்று செங்கமலம் மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டாள். வெள்ளம் வந்ததா இல்லையா என்பதை அரசாங்கம் எழுத்தில் தெரிவிக்கட்டும், அதன்பிறகு புறப்படுகிறேன் என்று மூன்று முறையும் பதில் வந்தது. வந்தது என்று எழுதினால் காடு கலவரப்படும் என்கிறார் நரி. வரவில்லை என்று எழுதிவிடலாமே என்று செங்கமலம் கேட்டாள். பொய் எழுதக் கூடாது என்று ராஜா கறாராகச் சொல்லிவிட்டார்.

நீதி: அரசாங்கத்தை நம்பாதவர்களைக் காப்பாற்ற வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நம்புகிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே நீச்சல் பழகிக்கொள்ளவும்.