கேப்டனின் பத்து விரல்கள்

"இன்னொரு தரம் அழுத்துங்க சார்" என்று ரேகை எடுக்கும் பெண் நான்காம் முறையாகச் சொன்னபோதே, இதில் ஏதோ சதி இருக்கிறது என்று கிறிஸ்புலோவுக்குப் பட்டுவிட்டது.

இயந்திரம் சிவப்பாகவே கண் சிமிட்டியது. மனைவி தோராவின் விரல்களை மட்டும் ஒரே தொடலில் ஏற்றுக்கொண்டிருந்தது.

"தரைக்கு ஓடு பதிச்சீங்களா? சிமென்ட் பட்டா ரேகை தேயும். மறுபடி கூப்பிடுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

கிறிஸ்புலோ நம்பவில்லை. பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கேப்டனாக, அதாவது ஊர்த் தலைவராக, இருந்தவர். ஜெர்சி சிட்டிக்கு வந்த பிறகும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். நர்ஸ் வேலை தோராவுக்கு. கிரீன் கார்டு விண்ணப்பம் தோரா பெயரில். இவர் அதில் ஒட்டிக்கொண்டு வந்த கணவர். ஆனால் வெளியே பேச்சு "என் கிரீன் கார்டு"தான்.

கார்டு வராமல் ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. அடுத்த வருட டிசம்பரில் மகள் அனலினுக்கு அங்கே கல்யாணம். அப்பா போகாவிட்டால் அவளைத் தேவாலயத்துக்குள் கைபிடித்து அழைத்துப் போகப் போவது தாய்மாமன் நெமேசியோ. தேர்தலில் கேப்டனைத் தோற்கடித்த அதே நெமேசியோ.

"மாடி வீட்டு விர்ஹிலியோ நமக்கு அப்புறம்தானே விண்ணப்பிச்சான்? அவனுக்கு மட்டும் எப்படிக் கார்டு வந்துச்சு?"

"அவனுக்கு விரல் இருந்துச்சு, கேப்டன்" என்றாள் தோரா.

அன்றே விரல் பாதுகாப்புப் பணி தொடங்கியது. முதல் சந்தேகம் பாத்திரம் கழுவும் சோப்பின் மேல் விழுந்தது.

"இதுல என்னத்தைக் கலக்குறான்னு யாருக்குத் தெரியும்? இனிமே நீயே கழுவிடு."

அடுத்தது கழிவறைக்கு ஊற்றும் பிளீச்சிங். அதுவும் தோராவிடம் போனது. இதைக் கேள்விப்பட்ட விர்ஹிலியோ பாசத்தோடு ஒரு கைக் களிம்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கார்டு கிடைச்சவன் நமக்கு எதுக்குக் களிம்பு தர்றான்?" என்று அதைக் குப்பையில் போட்டார் கேப்டன். கை பட்ட வேகத்தில் தோராவின் களிம்பும் கூடவே போனது.

"ஐயோ, அது என்னோடது! ஆஸ்பத்திரியில ஓயாம கை கழுவிக் கழுவித் தோல் எரியுதுன்னு வாங்கி வச்சேன்!"

"இந்த நேரத்துல யாரையும் நம்ப முடியாது தோரா. விரல்தான் முக்கியம்."

யாருடைய விரல் என்று தோரா கேட்கவில்லை. சட்டியில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் அழைப்பு வந்தது. கேப்டன் விரல்களை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் பழுக்கலை. தள்ளிப்போடச் சொல்லிட்டேன்."

"மறுபடி எப்போ கூப்பிடுவாங்களோ!"

"ஊரையே ஆண்டவன் நான். ஆபீஸ் நடைமுறை எனக்குத் தெரியாதா?"

கேப்டனுக்கு ஆபீஸைத் தெரிந்திருந்தது. ஆபீஸுக்குத்தான் கேப்டனைத் தெரியவில்லை. பனி கொட்டியது, உருகியது, கோடையும் வந்து போனது. அக்டோபரில் ஒருவழியாக அழைப்பு வந்தபோது, காத்திருந்த காலத்தில் தோராவின் பழைய ரேகையும் காலாவதியாகியிருந்தது. இருவரும் வர வேண்டுமாம்.

"பார்த்தியா? உன்னோடதையும் கெடுத்துட்டான். எல்லாம் அந்த விர்ஹிலியோ வேலை!"

அதே அலுவலகம், அதே பெண். கேப்டன் கம்பளிக் கையுறைகளை அறுவை மருத்துவர் போலக் கழற்றினார். இயந்திரம் பத்து விரலுக்கும் பச்சை காட்டியது. தேர்தல் முடிவை அறிவிப்பவர் போல வரிசையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். மனதுக்குள் அனலினின் கையைப் பிடித்தாகிவிட்டது. நெமேசியோ கடைசி பெஞ்சில்.

தோரா விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"இந்த மெஷின்ல ஏதோ இருக்கு" என்று கேப்டன் தணிந்த குரலில் எச்சரித்தார்.

அந்தப் பெண் தோராவின் கையை விளக்கருகே பிடித்துத் தடவிப் பார்த்தாள். பிறகு கேப்டனின் பக்கம் திரும்பினாள்.

"உங்க ரேகை பளிச்சுன்னு இருக்கு சார், ஆனா கார்டு இந்த அம்மாவுக்கு வந்தாத்தானே உங்களுக்கு வரும், இவங்க விரல்ல ஒரு கோடுகூட இல்லையே... வீட்ல பாத்திரமெல்லாம் யாரு சார் கழுவுறது?"