வான்கோழிக்காக நான் சொன்ன பொய்

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களிலேயே, ஒரு பொய்கூடச் சொல்லாமல் அத்தனை பேருடைய சந்தேகத்துக்கும் ஆளான மனிதர் வான்கோழி ஒருவர்தான். பெற்றோர் வைத்த பெயர் வேறு. பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்தில் அந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் மேல் வீடு, நாங்கள் கீழ் வீடு. அவருக்கு மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை. நான் பன்னிரண்டாவது வரை படித்து, ஓட்டல் சமையலுக்கென்று இந்த நாட்டுக்கு வந்து, இப்போது இந்தியன் கடையில் காய்கறிப் பக்கம் நிற்பவன். கறிவேப்பிலை எங்கே என்று யாராவது கேட்டால்கூட வாயால் சொல்லாமல் கையைக் காட்டுகிற சுபாவம். அப்படிப்பட்ட என்னை அவருடைய விவகாரம் வாய் திறக்க வைத்தது.

முதலில் வந்தது சத்தம்தான். மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் மேல் வீட்டிலிருந்து "கியோக், கியோக்" என்று கேட்டது. என் மனைவி செல்வி தோசைக் கரண்டியோடு கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, மேல கோழி வளர்க்கறாராட்ட இருக்குது."

"அபார்ட்மெண்ட்ல எப்படி வளர்ப்பாங்க?"

"பாத்ரூம்ல வெச்சிருப்பாரு. குளிக்கற டப்பு சும்மாதான கெடக்குது."

ஒரே வாரத்தில் இந்தச் செய்தி வளாகம் முழுக்கச் சுற்றி, ஆபீஸிலிருந்து மேனேஜர் அம்மாள் சோதனைக்கே வந்துவிட்டாள். பாத்ரூமைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தாள். கோழி இல்லை. அப்படியானால் சத்தம் எங்கிருந்து என்று கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன ரப்பர் துண்டு ஒன்றை எடுத்து, நாக்குக்கு மேலே அடக்கி, ஒரு கூவல் விட்டார். அந்த அம்மாள் இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனதை நானே பார்த்தேன்.

வேட்டைக்குப் போகிறவர்கள் பெட்டை வான்கோழி போலக் குரல் கொடுக்க வைத்திருக்கும் சாதனம் அது. வசந்தகாலம் வந்தால் அவர் அதை வாயிலிருந்து எடுக்கவே மாட்டார். படியில் பார்த்து வணக்கம் சொன்னால் "கியோக்" என்று பதில் வரும். ஆபீஸ் மீட்டிங்கில் மியூட் போட மறந்து, மேலதிகாரி பேசி முடித்ததும் ஒரு கூவல் விட்டாராம். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு மீட்டிங்கை முடித்துவிட்டார்களாம். இதை அவரே பெருமையாகச் சொன்னார்.

ஏப்ரல், மே மாதச் சனிக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். உடம்பு முழுக்க இலை போட்ட உடுப்பு, முகத்துக்கு வலை, கைக்கு உறை. மத்தியானம் திரும்பும்போது முட்டியில் சேறு இருக்கும், முதுகில் மரப்பட்டைத் தூள் இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. அதுதான் எல்லோரையும் உறுத்தியது. பதினோரு வருடமாக ஒரு மனிதர் வேட்டைக்குப் போய் ஒரு இறகுகூடக் கொண்டுவரவில்லை என்றால் எப்படி நம்புவது?

அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றார்கள் சிலர். "கவர்ன்மெண்ட் ஆளு சார், நம்மளை வாட்ச் பண்றான்" என்றார் கிரீன் கார்டுக்குக் காத்திருந்த ஒருவர். செல்வியின் கட்சி வேறு.

"வேலை போயிருக்கும். வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு காட்டுல போய் உக்காந்துக்கறாரு."

"சனிக்கிழமை யாருக்குத்தான் வேலை?"

"அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரலீங்க."

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் பார்க்கிங்கிலேயே ஆறேழு வான்கோழிகள் திரியும். ஒரு நாள் காட்டை முன்கூட்டியே பார்த்து வரலாம் என்று காலை எட்டு மணிக்குக் கிளம்பியவரை அவை மறித்துக்கொண்டன. ஹாரன் அடித்தார், நகரவில்லை. இறங்கிக் கும்பிட்டார், நகரவில்லை. கால் மணி நேரம் கெஞ்சி வழி வாங்கிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் காட்டுக்கு வான்கோழி தேடிப் போனார்.

"இங்கயே இருக்குதுங்களே சார்?" என்று பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"இங்க சுட்டா ஜெயில்தான் பழனி. அதுவும் இல்லாம இதுங்க பிரெட்டுக்குப் பழகினதுங்க, கூப்பிடாமலே வரும். கூப்பிடாம வர்றதுல என்ன இருக்கு?"

ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு பாக்குற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆண் வான்கோழி நின்ன இடத்துலயே தோகைய விரிச்சுக் கத்துவான். பெட்டைதான் அவனைத் தேடிப் போகணும், அதுதான் அவங்க வழக்கம். நாம என்ன பண்றோம், மரத்துல சாஞ்சு உக்காந்து, பெட்டை மாதிரி ரெண்டே ரெண்டு குரல் குடுத்து, 'முடியாது, நீயே வா'ன்னு வர வைக்கிறோம். மூணாவது குரல் குடுத்தா போச்சு, சந்தேகம் வந்துடும். அவனை மாதிரி சந்தேகப் பிராணி உலகத்துலயே கிடையாது."

சமோசா தின்றுகொண்டிருந்த ஒரு இளைஞர், "ஃப்ரோசன்லயே கிடைக்குதே அங்கிள்?" என்றார்.

"கல்யாண சாப்பாடு கூடத்தான் கேட்டரிங்ல கிடைக்குது. அதுக்காக நீ கல்யாணம் பண்ணிக்காம இருந்துட்டியாப்பா?"

சிரித்தார்கள், ஆனால் யாரும் நம்பவில்லை. நானும்தான்.

அவருக்கு ஒரே பெண், தீபா. மனைவி இறந்த பிறகு தனியாளாக வளர்த்த பெண். பார்சிப்பனியில் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. அவன் அம்மாவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. அந்த அக்கா எங்கள் நாமக்கல் பக்கம். இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஆனாலும், அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் சம்பந்தம் பேசுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. கீழ் வீட்டில் நம்ம ஊர்க்காரர் இருக்கிறார் என்று யாரோ என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள்.

தீபா படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், ப்ளீஸ். ஜஸ்ட் டெல் ஹெர் அப்பா இஸ் நார்மல்."

அன்று இரவே போன் வந்தது.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. அந்தப் பொண்ணோட அப்பா சனிக்கிழமையானா மூஞ்சிய மூடிட்டு எங்கயோ போறாராமே?"

துப்பாக்கி, காடு, முகத்தில் வலை. இதில் எதைச் சொன்னாலும் கல்யாணம் நடக்காது என்று தோன்றியது.

"பெருமாள் கோயிலுக்குப் போறாருங்க்கா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சுப்ரபாதத்துக்கே போயிருவாருங்க. ரொம்ப பக்திங்க. எங்களுக்குக்கூட பிரசாதம் கொண்டாந்து குடுப்பாருங்க."

அந்த அக்கா குறுக்கிட்டார்.

"தம்பி, அந்தக் கோயில்ல சனிக்கிழமை காலைல பிரசாதம் குடுக்கறதே நான்தானுங்க. பத்து வருசமா. அவரை ஒரு நாள்கூட பாத்ததில்லையே."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பொய் சொல்லி மறைக்கற அளவுக்கு என்னமோ இருக்குது," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் தீபா எங்கள் வாசலில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. பையன் வீட்டில் வேறு ஒரு பெண்ணின் ஜாதகத்தை எடுத்துவிட்டார்களாம். "ஒய் டெம்பிள், அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வருசம் பூரா வாயத் தொறக்காத மனுசன்," என்றாள் செல்வி. "ஒரு நாள் தொறந்தீங்க, ஒரு கல்யாணமே நின்னுபோச்சு."

மேலே போய் வான்கோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயிலிருந்த ரப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "மூணாவது குரல் குடுத்துட்டீங்க பழனி. பிரசாதம் வரைக்கும் போயிருக்கக் கூடாது," என்றார்.

"நான் மறுபடி பேசட்டுங்களா சார்?"

"என்னன்னு பேசுவீங்க? நீங்க பாத்ததே இல்லையே. இந்தச் சனிக்கிழமை என்கூட வாங்க. பாத்ததை மட்டும் சொல்லுங்க."

அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். காட்டில் அந்த இன்னொரு குடும்பம் வந்து கதவைத் திறந்தால் என்ன செய்வது என்று யோசித்தபடியே அவர் காரில் ஏறினேன். நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தேன். காட்டில் இறங்கியதும் டார்ச் அடித்துப் பார்த்தவர் பதறிப்போனார்.

"அழிங்க! முதல்ல அதை அழிங்க! வான்கோழித் தலை செவப்பும் வெள்ளையுமாத்தான் இருக்கும். வேற வேட்டைக்காரன் எவனாவது பாத்தா உங்க நெத்திதான் அவனுக்குப் பறவை."

முருகனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துடைத்தேன்.

ஒரு பெரிய மரத்தில் இருவரும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். துப்பாக்கி அவர் முட்டிமேல் இருந்தது. அசையக் கூடாது, பேசக் கூடாது. வானம் மெல்ல வெளுத்தது. எங்கேயோ ஒரு மரத்தின் மேலிருந்து திடீரென்று ஒரு கத்தல் வந்தது. தகரத்தில் கூழாங்கல்லைக் கொட்டியது போல. என் நெஞ்சுக்குள் அது இறங்கியது. அவர் இரண்டு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். பிறகு முக்கால் மணி நேரம் சிலையாக இருந்தோம். எறும்பு ஒன்று என் கழுத்தில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது.

அப்போது அது வந்தது. புதருக்குப் பின்னாலிருந்து, தோகையை விரித்துக்கொண்டு, இரண்டு அடி வைப்பதும் நின்று சந்தேகப்படுவதுமாக வந்தது. முப்பது அடி தூரத்தில் நின்றது. பதினோரு வருடத்தில் முதல் பறவை. உறைக்குள் அவர் விரல் மெல்லத் துப்பாக்கி விசைக்கு நகர்ந்தது.

என் பையில் போன் அதிர்ந்தது.

நான் மூச்சை அடக்கினேன். நின்று, மறுபடி அதிர்ந்தது. வலைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"எடுங்க."

"சார், பறவை..."

"பொண்ணு விஷயமா இருக்கும். எடுங்க பழனி."

கையைப் பைக்குள் விட்டேன். பறவை ஒரு முறை கழுத்தை நீட்டிப் பார்த்து, "பட்" என்று ஒரு சத்தம் போட்டு, ஓடிவிட்டது. போனில் பையனின் அம்மா.

"தம்பி, ஒம்பது மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள அந்த இன்னொரு பொண்ணு வீட்டுக்கு நான் பதில் சொல்லணும். கடைசியா கேக்கறேன், அவரு எங்கதான் போறாரு?"

சொன்னேன். காடு, வலை, துப்பாக்கி எல்லாவற்றையும் சொன்னேன். "வான்கோழிக்குப் போறாருங்க்கா. இங்கதான் நானும் உக்காந்திருக்கறேன். எதுக்கு இப்படின்னு எனக்கும் தெரியாம இருந்துச்சுங்க. வந்து உக்காந்தாத்தான் தெரியுதுங்க. நாம பேச வேண்டியதே இல்லீங்க. அது பேசும், நாம கேக்கணும். நம்மளை அது நம்பணும்னா நாம மரமா ஆயிரணுங்க. கிட்ட வர்றப்ப மேலெல்லாம் சிலிர்க்குதுங்க. கெடைக்காட்டியும் அடுத்த வாரம் வரலாம்னு தோணுதுங்க." என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியதில்லை. வான்கோழி திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயில்னு சொல்லச் சொன்னது அவருங்களா?"

"நானேதாங்க்கா. அவருக்குத் தெரியவே தெரியாதுங்க."

"பதினோரு வருசமா ஒண்ணுமே கெடைக்கலீங்களா?"

"இப்பத்தான் ஒண்ணு வந்து நின்னுச்சுங்க."

"அப்பறம்?"

"உங்க போன் வந்துச்சுங்க. பொண்ணு விஷயமா இருக்கும், எடுன்னு சொல்லிட்டாருங்க."

அந்த அக்கா மூக்கை உறிஞ்சியது போலிருந்தது.

"அடுத்த சனிக்கிழமை அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க தம்பி. பேசி முடிச்சுரலாம். மத்தியானத்துக்கு மேல வந்தாப் போதும். காலைல அவருக்கு வேலை இருக்குமில்லீங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தீபாவும் மாப்பிள்ளையும் டெக்சாஸ் போனார்கள். ரிட்டயர் ஆனதும் அவரும் அவர்களோடு போய்விட்டார். அங்கே வான்கோழிக்குப் பஞ்சமே இல்லை என்று போனில் சொல்வார். கிடைத்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் இப்போது சில சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். பிரசாதம் கொடுக்கும்போது அந்த அக்கா, என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்பார். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். டெக்சாஸில் ஒரு வான்கோழி அவர் முன்னால் வந்து நிற்கட்டும், அப்போது யாரும் போன் செய்யாமல் இருக்கட்டும் என்று பெருமாளிடம் கேட்கலாமா கூடாதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.